கோபம் யார் கையில்?

ஸ்பின்னிங் மில்லில் ரிங் பிரேம் பார்க்கும் ஒரு தொழிலாளி. இரவு ஷிப்டு. ஆள் குறைவு என்று சொல்லி, வழக்கத்தைவிட இரண்டு சைடு கூடுதலாக அவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். இழை அறுந்துகொண்டே இருக்கிறது. மேஸ்திரி வருகிறான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். அடுத்து, தொழிலாளியின் தாயைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிலாளியின் கை உயர்ந்துவிடுகிறது.

பிறகு நடப்பது நம் தோழர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேஸ்திரி சொன்ன வார்த்தைக்குச் சாட்சி கிடையாது. தொழிலாளி கையை உயர்த்தியதற்குப் பத்துச் சாட்சி! மறுநாள் மெமோ. அதன் பின் சஸ்பென்ஷன். அதன் பின் உள்விசாரணை. கூடுதல் சைடு என்ற பிரச்னை என்ன ஆயிற்று? அதைப் பற்றிப் பேச ஆளில்லை. இரண்டு சைடுக்காக நிர்வாகத்தை நெருக்க வேண்டிய சங்கம், ஒரு தோழரின் வேலையை மீட்பதற்காக மாதக்கணக்கில் நடையாய் நடக்கிறது.

அந்தத் தொழிலாளிக்குக் கோபம் வந்தது தவறா? தவறே இல்லை. கோபம் வராதிருந்தால்தான் அதிசயம். ஆனால் அந்த அரை நிமிஷத்தில் அவனுடைய கோபம் அவன் கையில் இருந்ததா, நிர்வாகத்தின் கையில் இருந்ததா? இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கோபம், பயம், வெட்கம், துக்கம் ஆகியவற்றை நம் கைக்குள் வைத்துக்கொள்ளும் பயிற்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்திலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையில் மனநூல் பேராசிரியையாக இருந்த மார்ஷா லைன்ஹன் அதை உருவாக்கினார். அதன் பெயர் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. தமிழில் சொன்னால், இயக்கவியல் நடத்தைச் சிகிச்சை.

இயக்கவியல் என்ற சொல்லைக் கண்டதும் நம் தோழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அரசியல் வகுப்பிலே கேட்ட சொல்லாயிற்றே! அமெரிக்க மனநூலுக்கு இது எப்படி வந்தது? லைன்ஹன் அம்மையார் இந்த வைத்தியத்தை உருவாக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவருடைய காரியதரிசியாயிருந்த ஒரு பெண்மணி, "உங்கள் வைத்தியம் இயக்கவியல் முறையாயிருக்கிறதே" என்ற பொருள்பட ஒருநாள் சொன்னாராம். அந்தப் பெண்மணியின் கணவர் மார்க்சியத் தத்துவம் பயின்றவர்! அம்மையார் அகராதியைப் புரட்டினார், படித்தார், பெயரை வைத்துக்கொண்டார். இதை அவரே எழுதியிருக்கிறார். இதனால் அவரை நம் கணக்கிலே எழுதிக்கொள்ள முடியாது. அவர் கத்தோலிக்க மதப் பற்றுள்ளவர். ஜப்பானிய ஜென் தியானமும் பழகியவர். ஆனால் ஒரு நல்ல கருவி யார் பட்டறையில் அடிக்கப்பட்டது என்று பார்த்தா உழைப்பாளி கையிலெடுக்கிறான்?

அந்தப் பெயர் சும்மா வைத்த பெயரும் அல்ல. வாழவே வேண்டாம் என்று திரும்பத் திரும்பத் தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் நோயாளிகளுக்குத்தான் அவர் முதலில் வைத்தியம் செய்தார். "இதை மாற்று, அதை மாற்று" என்று பழக்கங்களை மாற்றச் சொல்லிப் பார்த்தார். "எல்லாம் என் தப்பு என்கிறீர்களா?" என்று நோயாளிகள் சீறினார்கள். சரி என்று, "உன் வேதனை எனக்குப் புரிகிறது" என்று ஆறுதல் மட்டும் சொல்லிப் பார்த்தார். "அப்படியானால் நான் இப்படியே கிடக்க வேண்டியதுதானா?" என்று அவர்கள் மனமுடைந்தார்கள். ஏற்பு மட்டும் பலிக்கவில்லை. மாற்றம் மட்டும் பலிக்கவில்லை. எதிரும் புதிருமான இரண்டையும் ஒரே வண்டியில் பூட்டியபோது வண்டி நகர்ந்தது. 1991-ல் அவர் வெளியிட்ட முதல் பெரிய பரிசோதனையில் 44 பெண்கள் இருந்தார்கள். ஒரு வருஷ காலம் இந்த வைத்தியம் பெற்றவர்கள், வழக்கமான வைத்தியம் பெற்றவர்களைவிடத் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களும் குறைந்தன.

இந்த அம்மையார் இதையெல்லாம் புத்தகத்திலிருந்து மட்டும் கற்கவில்லை. 1961-ல், பதினேழு வயதில், கனெக்டிகட் மாகாணத்திலுள்ள ஹார்ட்போர்டு நகர மனநோய் ஆஸ்பத்திரியில் அவரையே அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்தார். நாமும் இந்த நரகத்திலிருந்து வெளியேறி, மற்றவர்களையும் வெளியேற்றுவோம் என்று உறுதி எடுத்துக்கொண்டவர் அவர். 2011-ல் அதே ஆஸ்பத்திரிக்குப் போய், சபை நடுவே நின்று இதை ஒளிக்காமல் சொன்னார். புகழ் பெற்ற பேராசிரியை தம் தழும்பைத் தாமே காட்டுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

முழு வைத்தியம் என்பது ஒரு வருஷ காலம் வாராவாரம் வைத்தியரைப் பார்ப்பது. வாராவாரம் கூட்டு வகுப்பு. இடையில் நெருக்கடி வந்தால் தொலைபேசியில் யோசனை. அது நம் ஊர்ப்பக்கம் எளிதில் கிடைக்கிற சரக்கல்ல. ஆனால் அந்தக் கூட்டு வகுப்பிலே கற்றுக் கொடுக்கும் பயிற்சிகள் இருக்கின்றனவே, அவை அன்றாட வாழ்க்கைக்கும் ஆகும். அந்தப் பயிற்சிகளே வைத்தியத்தின் முக்கியமான பகுதி என்று 2015-ல் வெளியான அவருடைய இன்னொரு ஆராய்ச்சியும் காட்டியது. அவற்றில் சிலவற்றை ஆலைக்கும் வயலுக்கும் கொண்டுவந்து பார்ப்போம்.

முதலாவது, நிற்பது. உணர்ச்சி பொங்கும்போது கையையும் வாயையும் அசைக்காமல் அப்படியே நில். ஓரடி பின்வாங்கு. என்ன நடக்கிறது, யார் யார் நிற்கிறார்கள், உன் உடம்பு என்ன செய்கிறது என்று பார். நமக்கு வேண்டியது என்ன என்று கேட்டுக்கொண்டு, பிறகு செய். அவ்வளவுதான். "இது கோழைத்தனமில்லையா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். மறியல் வரிசையில் நின்ற தோழர்களைக் கேளுங்கள். போலீஸ் லத்தியை ஓங்கும்போது வரிசை கலையாமல் நிற்பவன் கோழையா? முதல் கல்லை எறிந்துவிட்டு ஓடுகிறவன் வீரனா?

நிற்க முடியாதபடி ரத்தம் கொதித்தால்? அதற்கு உடம்பின் வழியாகவே ஒரு உபாயம். முகத்தைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, மூச்சைப் பிடித்து, அரை நிமிஷம் இருந்தால் இதயத்துடிப்பு தானாகவே தணிகிறது. முங்கி நீந்தும் பிராணிகளுக்கு உள்ள அதே இயல்பு மனிதனுக்கும் உண்டு. வாளியோ தொட்டியோ இல்லையென்றால் குளிர்ந்த ஈரத்துணியைக் கண்ணிலும் கன்னத்திலும் அழுத்திக்கொள்ளலாம். (இதய நோயுள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.) இல்லாவிட்டால், மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து வெளியே விடுவது. பஞ்சுத் தூசி பறக்கும் டிபார்ட்மெண்டில் இதைச் செய்யாதீர்கள். வெளியே வந்து செய்யுங்கள். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவர்கள் தூசியைப் பற்றிப் பேசமாட்டார்கள், நாம்தான் பேச வேண்டியிருக்கிறது!

இந்த அரை நிமிஷத்தின் விலை என்ன தெரியுமா? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தினக்கூலிகள்! தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். விவசாயத் துறையில் மாண்டவர்கள் 11,290. அதில் நிலம் வைத்துச் சாகுபடி செய்தவர்கள் 5,207 பேர், கூலிக்கு உழைத்தவர்கள் 6,083 பேர். விவசாயி தற்கொலை என்றால் பத்திரிகைகள் எழுதுகின்றன. எழுதட்டும், எழுதத்தான் வேண்டும். அவனைவிட அதிகமாக மாண்ட கூலியாளைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்?

இவர்களில் எல்லோரும் நாட்கணக்கில் யோசித்து முடிவெடுத்தவர்கள் அல்ல. கடன்காரன் வாசலில் நின்று பேசிய பேச்சு, வீட்டில் ஒரு சண்டை, அடுத்த சில நிமிஷங்களில் பூச்சிமருந்து. கிராமத்தில் இது நடக்கும் விதத்தை நாம் அறிவோம். அந்தச் சில நிமிஷங்களைத் தாண்டிவிட்டால் பிழைத்து, பேரன் பேத்தி எடுத்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இலங்கையில் 1995-ல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 பேர் என்று உச்சத்தில் இருந்தது. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995-லும் 1998-லும் அந்த நாட்டு சர்க்கார் தடை செய்தது. பத்து வருஷத்தில் அந்த விகிதம் ஏறக்குறையப் பாதியாக இறங்கிற்று. நம் கடலூர் மாவட்டத்திலும் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் ஏற்பாட்டை மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல பலன் தெரிந்தது என்று 2013-ல் எழுதினார்கள். ஆக, மனிதன் தன்னை நிறுத்திக்கொள்ளக் கற்க வேண்டும். விஷம் கைக்கெட்டாத தூரத்தில் இருக்கவும் வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தட்டிக் கழிக்க எந்த சர்க்காரையும் விடக்கூடாது.

இரண்டாவது, உண்மையைச் சரிபார்ப்பது. என்ன நடந்தது, அதன்மேல் நாம் ஏற்றிய ஊகம் என்ன என்று பிரித்துப் பார்ப்பது. சங்கக் கூட்டத்துக்கு ஒரு தோழர் வரவில்லை. "நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டான்" என்று உடனே பேச்சு கிளம்புகிறது. நடந்தது என்ன? அவர் வரவில்லை. அதுமட்டும்தான் நடந்தது. குழந்தைக்குக் காய்ச்சலாயிருக்கலாம். ஊகத்தின் பேரில் ஒருவரை ஒதுக்கி வைத்து எத்தனை கிளைகள் பிளந்திருக்கின்றன!

ஆனால் இந்தப் பயிற்சியின் மறுபாதியை நம் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சரிபார்த்த பிறகு, கோபம் உண்மைக்குப் பொருத்தமானதுதான் என்று தெரிந்தால் அதை அமுக்கச் சொல்லவில்லை லைன்ஹன். பிரச்னையைத் தீர்க்கும் வழியில் இறங்கு என்கிறார். கூலியைக் குறைத்துக் கொடுத்தான். அளந்து பார்த்தோம், குறைந்தது உண்மை. அப்படியானால் கோபத்துக்கு மருந்து தியானமல்ல, குறைந்த கூலி! இன்று பெரிய கம்பெனிகள் சம்பள உயர்வுக்குப் பதிலாக "மன அமைதி வகுப்பு" நடத்தத் தொடங்கியிருக்கின்றன. பாதிப் பாடத்தை மட்டும் வகுப்பில் நடத்தும் வாத்தியாரை என்ன சொல்வது?

பொருத்தமில்லாத உணர்ச்சிக்கு வேறு வழி உண்டு; அது இழுக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நடப்பது. பயம் ஓடச் சொல்லும். அபாயமில்லாத இடமென்றால், கிட்டே போ. துக்கம் பாயில் சுருண்டு கிடக்கச் சொல்லும். எழுந்து நாலு பேர் இருக்கும் இடத்துக்கு நட. அரை மனதோடு செய்தால் பலிக்காது, முழுக்கச் செய்ய வேண்டும். வெட்கம் ஒளிந்துகொள்ளச் சொல்லும். எதற்கு வெட்கம்? கடன்பட்டதற்கா? கந்துவட்டி வாங்குகிறவன் தலைநிமிர்ந்து நடக்கிறான், கொடுக்கிறவன் தலைகுனிந்து நடக்கிறான். இதென்ன நியாயம்? நம்மை இகழாத மனிதரிடம் போய்க் கடன் கணக்கை வாய்விட்டுச் சொல்வதுதான் இங்கே எதிர்த்திசை. சொன்னவுடன், அதே கடன்காரனிடம் மாட்டிய இன்னும் ஐந்து பேர் அதே தெருவில் இருப்பது தெரியவரும்.

மூன்றாவது, கேட்க வேண்டியதைக் கேட்கும் பயிற்சி. நடந்ததைச் சொல், அதனால் நமக்கு என்ன என்று சொல், வேண்டியதைத் தெளிவாகக் கேள், கொடுத்தால் அவருக்கும் என்ன நன்மை என்று காட்டு, பேச்சை மாற்றினாலும் விஷயத்தை விடாதே, நிமிர்ந்து நில், பேரத்துக்கு இடம் வை. ஒரு நடவுக் கும்பலின் தலைவி மிராசுதாரிடம் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"ஐயா, போன வாரம் பதினாறு பேர் நாலு நாள் நட்டோம். பேசின கூலியிலே பாதிதான் வந்திருக்கு. கடையிலே அரிசி கடன் சொல்லி நிக்கிறோம். மீதியைச் சனிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க. கொடுத்தா களையெடுப்புக்கும் இதே ஆளுங்க வருவோம்."

"இந்த வருஷம் எனக்கே நஷ்டம். உங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் டவுனுக்குப் போயிட்டுது, திமிர் ஏறிப்போச்சு."

"பிள்ளைங்க பேச்சு இருக்கட்டும் ஐயா. நாலு நாள் கூலியிலே பாதி பாக்கி."

"தண்ணி சரியா வரலே, தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. அந்தத் தண்ணியிலேதான் நாங்களும் நின்னு நட்டோம். பாதி பாக்கி. ஒரே தவணை முடியலேன்னா, சனிக்கிழமை கொஞ்சம், அடுத்த புதன்கிழமை மீதின்னு தேதி சொல்லுங்க."

கீறல் விழுந்த கிராமபோன் தட்டுப் போல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருவது. லைன்ஹனின் பாடத்திலேயே இந்த உவமை இருக்கிறது. பிள்ளைகளைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு அந்த அம்மாள் பதிலடி கொடுத்திருந்தால் பேச்சு திமிரைப் பற்றிப் போயிருக்கும். கூலி அங்கேயே புதைந்திருக்கும். இதே பாடத்தில் இன்னொரு வரியும் உண்டு: அவசியமில்லாமல் மன்னிப்புக் கேட்காதே. துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து நின்று, உயிரோடிருப்பதற்கே மன்னிப்புக் கேட்கும்படி தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட ஜனங்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு பெரியது! தஞ்சைப் பண்ணையாட்கள் செங்கொடியின் கீழ் இதைக் கற்றது அமெரிக்காவில் இந்தப் பாடம் எழுதப்படுவதற்கு வெகு காலம் முன்பு என்பதையும் சொல்லி வைப்போம்.

வீட்டுக்குள்ளும் ஒரு பாடம் உண்டு. மேஸ்திரியிடம் வாங்கியதை மனைவியின் முதுகில் இறக்கி வைக்கும் ஆண் தோழர்கள் இருக்கிறார்கள். வெளியே சமத்துவம் பேசிவிட்டு வீட்டில் மிராசு நடத்துகிறவர்கள்! அவர்களுக்கு நாம் சொல்வது, மேலே சொன்ன அரை நிமிஷத்தை முதலில் அங்கே பழகுங்கள். அவள் தன் களைப்பைச் சொல்லும்போது "எனக்கில்லாத களைப்பா?" என்று வெட்டாமல், "ஆமாம், விடியலிலிருந்து நிற்கிறாய்" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவருடைய வேதனையை இல்லையென்று சாதிக்கும் சூழ்நிலையிலேயே வளர்வது மனதை எப்படிச் சிதைக்கிறது என்பது லைன்ஹனின் கொள்கையில் ஒரு தூண். சேரியிலே பிறந்தவனுக்கு ஊரே அப்படிப்பட்ட சூழ்நிலைதான் என்பது நாம் சேர்த்துக்கொள்ளும் வாக்கியம்.

இனி, நம் தோழர்கள் பலர் சந்தேகப்படும் இடத்துக்கு வருவோம். உள்ளதை உள்ளபடி முழு மனதோடு ஏற்றுக்கொள் என்று இந்தப் பயிற்சி சொல்கிறது. ஏற்றுக்கொள்வதா? தலையெழுத்து என்று சொல்லி நம் பாட்டன் பூட்டனை ஏற்கச் செய்தது போதாதா? நியாயமான சந்தேகம்தான். ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். தலையெழுத்து என்கிறவன் காரணத்தைத் தேடாதே என்கிறான். இந்தப் பயிற்சியோ, நடந்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு, காரணங்கள் இருந்ததால் அது நடந்தே தீர்ந்தது என்று ஏற்கச் சொல்கிறது. காரணத்தை ஒத்துக்கொண்டவன் அடுத்த காரியமாகக் காரணத்தின் மேல் கை வைப்பான். ஏற்பது என்றால் சரியென்று ஒப்புவதல்ல என்பதை அம்மையார் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மில் மூடப்படுகிறது. "மூடமாட்டார்கள், தீபாவளிக்குத் திறந்துவிடுவார்கள்" என்று கேட்டருகில் வந்து வந்து உட்காரும் தொழிலாளியை நாம் பார்த்திருக்கிறோம். மனுப் போட வேண்டிய கெடு தாண்டுகிறது. மெஷின்கள் லாரியில் ஏறிப் போகின்றன. மூடிவிட்டார்கள் என்பதை முதல் வாரத்திலேயே முழு மனதாக ஏற்றுக்கொண்டவன்தான் பாக்கிச் சம்பளத்துக்கும் கிராஜுவிட்டிக்கும் முதலில் போராடத் தொடங்குகிறான். ஏற்க மறுத்தவன் நம்பிக்கையாளனாகத் தோன்றுகிறான். உண்மையில் அவன்தான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இந்தப் பயிற்சிகளில் நமக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. நோயைக் கவனி, வேளைக்குச் சாப்பிடு, குடியை விடு, ஒழுங்காகத் தூங்கு, உடம்பை அசை. அப்போதுதான் மனம் உணர்ச்சிகளைத் தாங்கும் என்கிறது ஒரு பாடம். உடம்பை அசைக்க நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை! மற்றவை? வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுகிறவன் ஒழுங்காகத் தூங்குவது எப்படி? தகரக் கூரையின் கீழ் பகலில் தூங்குவது எப்படி? குடியை விடு என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறைச் சாராயக் கடையை நடத்துவதே சர்க்கார் ஸ்தாபனம். சம்பள நாளில் வழியில் கடையைத் திறந்து வைத்துவிட்டு, மன உறுதியைத் தனி மனிதன் தலையில் கட்டுவது என்ன நியாயம்? இந்தப் பாடத்தைத் தனி மனிதனிடம் பாதியும், கோரிக்கை மனுவில் பாதியுமாகத்தான் எழுத முடியும்.

சங்கக் காரியாலயங்கள் இதில் செய்யக்கூடியது உண்டு. மாதத்தில் ஒரு மாலை, பத்துப் பேர் உட்கார்ந்து, ஒருவர் மேஸ்திரியாகவும் ஒருவர் தொழிலாளியாகவும் பேசிப் பழகலாம். சார்ஜ் ஷீட் வாங்கிய தோழர் விசாரணைக்குப் போகுமுன் நிச்சயம் பழக வேண்டும். விசாரணை அதிகாரி சீண்டுவார் என்று தெரிந்தே போகிறோம் அல்லவா? அந்த வைத்தியத்தில் ஒரு தினசரி அட்டை உண்டு: இன்று எந்த உணர்ச்சி எவ்வளவு வந்தது, எந்தப் பயிற்சியைக் கையாண்டோம் என்று தினமும் குறிப்பது. எழுதத் தெரியாதவர் கோடு போட்டாலும் போதும்.

ஆனால் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு இந்தக் கட்டுரையும் போதாது, சங்கத்தின் மாலை வகுப்பும் போதாது. அவருக்கு வைத்தியர் வேண்டும். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்துங்கள். மாவட்ட அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழில் பேசுகிறார்கள். அந்த எண்ணை ஆலை கேட்டுக்கு எதிரேயுள்ள டீக்கடையிலும், ரேஷன் கடைச் சுவரிலும், உர மருந்துக் கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கும் வேலையை ஒவ்வொரு கிளையும் இந்த மாதமே எடுத்துக்கொள்ளலாம்.